ஃபேன்டஸி பேஸ்பால் டிராஃப்டில் முதல் ஐந்து ரவுண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் பிறந்தால் போதும், எங்கள் ஃபேன்டஸி பேஸ்பால் லீகில் (அமெரிக்க மேஜர் லீக் ஆட்டக்காரர்களை ஆளுக்கொரு டீமாகப் பிரித்துக்கொண்டு, அவர்களுடைய நிஜ எண்களை வைத்துப் போட்டி போடும் ஆட்டம்) புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கேள்விகள் அதேதான். பதிலைத்தான் நான் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லியிருக்கிறேன் என்பது பழைய மெசேஜ்களைப் புரட்டியபோது தெரிந்தது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எண்கள் 2025 சீசன் வரையிலானவை.

எந்த மாதிரி லீகுக்கு இந்தப் பதில்கள்?

12 டீம், ரோட்டோ முறை, ஸ்னேக் டிராஃப்ட் (ஆட்களை முறை வைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுப்பது). ஒவ்வொரு டீமிலும் 23 பேர்: பேட்டர்கள் 14, பிட்சர்கள் (பந்து எறிபவர்கள்) 9. கணக்கில் வருபவை பத்து. பேட்டர்களுக்கு ஆவரேஜ் (ஆடிய முறைகளில் எத்தனை பங்கு ஹிட்), ரன், ஹோம் ரன், ஆர்பிஐ (அவர் அடித்ததால் வந்த ரன்கள்), ஸ்டீல் (பிட்சர் எறியும்போதே ஓடி அடுத்த நிறுத்தமான பேஸைப் பிடிப்பது). பிட்சர்களுக்கு வெற்றி, ஸ்ட்ரைக்-அவுட் (பேட்டரைப் பந்தாலேயே அவுட் ஆக்குவது), சேவ் (டீமின் முன்னிலையைக் கடைசியில் காத்து முடிப்பது), ஈஆர்ஏ (ஃபீல்டிங் பிழையால் வந்தவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார்), விப் (இன்னிங்ஸுக்கு எத்தனை பேரை பேஸுக்கு விட்டார்). ஒவ்வொன்றிலும் முதலிடத்துக்கு 12 பாயின்ட், கடைசி இடத்துக்கு 1. எல்லாவற்றையும் கூட்டினால் உங்கள் இடம்.

ரோட்டோ என்ற பெயர் ஒரு ஓட்டலில் இருந்து வந்தது. 1980-ல் டேனியல் ஓக்ரென்ட் என்ற பத்திரிகையாளரும் அவருடைய நண்பர்களும் நியூயார்க்கில் 'லா ரோட்டிஸரி ஃபிரான்சேஸ்' என்ற இடத்தில் கூடிச் சாப்பிட்டபடி ஆரம்பித்த ஆட்டம் இது.

ஐபிஎல் சமயத்தில் மேட்சுக்கு மேட்ச் 11 பேரைத் தேர்ந்தெடுத்துப் பழகியவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். இங்கே ஒரு ஆட்டக்காரர் ஒரு டீமுக்குத்தான். ஓட்டானியை நான் எடுத்துவிட்டால் சீசன் முடியும் வரை அவர் என்னுடையவர். உங்களுக்கு வேண்டுமென்றால் என்னிடம் பேரம் பேச வேண்டும், நான் சுலபத்தில் மசிய மாட்டேன்.

முதல் ரவுண்டில் எடுப்பவர்தானே லீகை ஜெயித்துக் கொடுப்பார்?

இல்லை. முதல் ரவுண்டு ஆட்கள் எல்லோருமே நல்ல ஆட்கள். உங்களுடையவர் நன்றாக ஆடினால் பக்கத்து டீமின் முதல் ஆளும் ஏறக்குறைய அதே அளவு ஆடியிருப்பார். வித்தியாசம் எப்போது வருகிறது என்றால், ஒருவருடைய முதல் ஆள் மே மாதமே வீட்டுக்குப் போகும்போதுதான்.

ரொனால்ட் அகுன்யா ஜூனியரை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் 41 ஹோம் ரன், 73 ஸ்டீல், 149 ரன், ஆவரேஜ் .337. அப்படி ஒரு சீசனை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. 2024 டிராஃப்ட்களில் முதல் பிக் (தேர்வு) யார் என்று யாரும் யோசிக்கக்கூட இல்லை. 2024 மே 26, பிட்ஸ்பர்கில் மேட்ச். பேஸில் இருந்தவர் திரும்பி ஓட எத்தனித்தபோது இடது முழங்காலில் தசைநார் கிழிந்தது. அந்த வருடம் மொத்தம் 49 மேட்ச், 4 ஹோம் ரன். வலது முழங்காலில் இதே காயம் 2021-லேயே ஆனது.

அவரை எடுத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, நானும் அந்த இடத்தில் இருந்தால் அவரைத்தான் எடுத்திருப்பேன். ஆனால் முதல் மூன்று ரவுண்டில் 'இவர் எவ்வளவு உயரம் போவார்' என்பதைவிட 'இவர் 150 மேட்ச் ஆடுவாரா' என்ற கேள்விதான் பெரியது. பெரிய லாட்டரிச் சீட்டுகளைப் பன்னிரண்டாவது ரவுண்டில் வாங்கிக்கொள்ளலாம், அங்கே விலை குறைவு.

சரி, முதல் பிக் என் கையில் இருந்தால் யாரை எடுப்பது?

மூன்று பேரைத்தான் பேச வேண்டியிருக்கிறது. 2025 கணக்கு இது:

ஷோஹெய் ஓட்டானி: 55 ஹோம் ரன், 146 ரன், 20 ஸ்டீல், .282.
ஏரன் ஜட்ஜ்: 53 ஹோம் ரன், 137 ரன், 12 ஸ்டீல், .331.
பாபி விட் ஜூனியர்: 23 ஹோம் ரன், 38 ஸ்டீல், .295.

விட்டின் ஹோம் ரன் மற்ற இருவரில் பாதிகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் 2024-ல் இதே ஆள் 32 ஹோம் ரன், 31 ஸ்டீல், .332. அதோடு அவர் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்), வயதும் இருபதுகளில்தான். 1992-ல் பிறந்த ஜட்ஜுக்கு அந்த வசதி இல்லை.

ஓட்டானி விஷயத்தில் டிராஃப்டுக்கு முன்னால் உங்கள் தளத்தின் விதியைப் படித்துவிடுங்கள். சில இடங்களில் பேட்டர் ஓட்டானி, பிட்சர் ஓட்டானி என்று இரண்டு தனி ஆட்கள். சில இடங்களில் ஒரே ஆள், வாரத்துக்கு ஒரு வேலைதான் செய்வார். முக்கியமான இன்னொன்று: அவர் ஃபீல்டிங் செய்வதில்லை, அதனால் யுடிலிட்டி இடத்தில் (எந்த பேட்டரையும் வைக்கலாம் என்ற இடம்) மட்டும்தான் உட்காருவார். பெரும்பாலான ரோட்டோ லீகுகளில் அந்த இடம் ஒன்றே ஒன்று. முதல் பிக்கில் ஓட்டானி, 24-வது பிக்கில் ஆசைப்பட்டு கைல் ஷ்வார்பர் என்று எடுத்தால், 2025-ல் 56 ஹோம் ரன் அடித்த மனிதரை பெஞ்சில் உட்கார வைத்து அழகு பார்க்க வேண்டியதுதான். ஷ்வார்பரும் ஏறக்குறைய முழுநேர டிஹெச் (ஃபீல்டிங் இல்லாமல் பேட்டிங் மட்டும் செய்பவர்).

என்னைக் கேட்டால் விதி இடம் கொடுக்கும் லீகில் ஓட்டானி, இல்லையென்றால் விட். ஜட்ஜை மூன்றாவதாக வைக்கிறேன் என்று சொன்னதற்கு எங்கள் லீகின் யாங்கீஸ் ரசிகர் ஒருவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

டிராஃப்டில் எந்த இடம் நல்ல இடம்?

ஸ்னேக் முறையில் வரிசை ரவுண்டுக்கு ரவுண்டு திரும்பும். முதல் இடத்தில் இருப்பவருக்கு 1, 24, 25. கடைசி இடத்துக்கு 12, 13, 36, 37. ஆறாம் இடத்துக்கு 6, 19, 30, 43.

ஓரத்தில் இருப்பவருக்கு இரண்டு பிக் சேர்ந்தாற்போல் வரும். அப்புறம் 22 பேர் போகும் வரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் யாரோ ஒருவர் பிட்சர் எடுப்பார், அடுத்தவர் பதறுவார், நல்ல ஏஸ்கள் (முதல்தர பிட்சர்கள்) எட்டு பேர் வரிசையாகக் காலியாகிவிடுவார்கள். அதனால் ஓரத்தில் இருந்தால் அலையை நீங்களே ஆரம்பிக்க வேண்டும், பின்னால் போய்ப் பிடிக்க முடியாது. நடுவில் இருந்தால் பொறுமையாகப் பார்த்து எடுக்கலாம், ஆனால் யாரும் உங்களைத் தேடி வந்து விழ மாட்டார்கள்.

முதல் இடமா, பன்னிரண்டா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால், மேலே உள்ள மூவரில் ஒருவர் கிடைக்கும் இடம் எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

ஹோம் ரன்னா, ஸ்டீலா? முதலில் எதைத் தேடுவது?

இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதைத் தேடுங்கள். முதல் ஐந்து ரவுண்டின் உயிர்நாடி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2023-ல் மேஜர் லீக் விதிகளை மாற்றியது. பேஸ் 15 அங்குலத்தில் இருந்து 18 அங்குலம் ஆனது. ஒரு பேட்டருக்குப் பந்து போடும்போது பிட்சர் பிக்-ஆஃபுக்காக (பேஸில் நிற்பவரை அவுட் ஆக்கப் பந்தை அங்கே எறிவது) இரண்டு முறைதான் விலகலாம். மூன்றாவது முறை ஓட்டக்காரரை அவுட் ஆக்கவில்லை என்றால் அவருக்கு ஒரு பேஸ் இலவசம். விளைவு, 2022-ல் 2,486 ஆக இருந்த ஸ்டீல் 2023-ல் 3,503 ஆனது.

இதைப் பார்த்து 'ஸ்டீல் மலிந்துவிட்டது, கடைசியில் வாங்கிக்கொள்ளலாம்' என்று சிலர் சொல்கிறார்கள். பாதி உண்மை. கடைசியில் கிடைப்பவர்கள் ஓடுவார்கள், வேறெதுவும் செய்ய மாட்டார்கள். எஸ்டியூரி ரூயிஸ் 2023-ல் 67 ஸ்டீல் எடுத்தார், ஹோம் ரன் வெறும் 5. அவர் ஆடும் ஒவ்வொரு நாளும் உங்கள் ஹோம் ரன், ஆர்பிஐ கணக்கில் ஓர் இடம் சும்மா கிடக்கிறது. அதோடு எல்லோருக்கும் ஸ்டீல் கூடியிருக்கிறது, உங்களுக்கு மட்டும் இல்லை. நேற்று நான்காவது இடம் வாங்கித் தந்த எண்ணிக்கை இன்று ஒன்பதாவது இடம்தான் தரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 எண்களை வைத்து, முதல் ரவுண்டில் ஜட்ஜ் எடுத்துவிட்டீர்கள். இரண்டாவதாக ஷ்வார்பரைச் சேர்த்தால் இருவருக்கும் சேர்ந்து 109 ஹோம் ரன், 22 ஸ்டீல். ஷ்வார்பருக்குப் பதில் கார்பின் கேரல் (31 ஹோம் ரன், 32 ஸ்டீல்) என்றால் 84 ஹோம் ரன், 44 ஸ்டீல். 25 ஹோம் ரன் குறைகிறது, ஸ்டீல் இரண்டு மடங்காகிறது. அந்த 25-ஐப் பத்தாவது ரவுண்டில் ஏதாவது ஒரு ஃபர்ஸ்ட் பேஸ்மேனிடம் ஈடுகட்டலாம், .240 அடித்துக்கொண்டு 25 ஹோம் ரன் தரும் ஆட்கள் வருடா வருடம் அங்கே இருக்கிறார்கள். 22 ஸ்டீலை ஆவரேஜையும் ஹோம் ரன்னையும் கெடுக்காமல் தருபவர் அங்கே கிடைக்க மாட்டார். நான் கேரலைத்தான் எடுப்பேன்.

ஓர் எச்சரிக்கை: ஹுவான் சோட்டோ 2025-ல் 38 ஸ்டீல் எடுத்தார். அதற்கு முன் அவருடைய உச்சம் 12. 43 ஹோம் ரன்னும் நூறுக்கு மேல் ரன்னும் நம்பி வாங்கலாம். அந்த 38-ஐ மட்டும் 20 என்று எண்ணி விலை வையுங்கள், அதற்கு மேல் வந்தால் லாபம்.

ஆவரேஜுக்காக ஒருவரை மேலே எடுப்பது சரியா?

ஆவரேஜின் பலன் பார்க்கத் தெரிவதைவிடச் சின்னது. விட் 2024-ல் 636 முறை ஆடி 211 ஹிட், அதாவது .332. உங்கள் 14 பேரும் சேர்ந்து 7,000 முறை ஆடுகிறார்கள், மற்ற பதின்மூன்று பேரின் ஆவரேஜ் .255 என்று வைத்துக்கொள்வோம். விட்டோடு சேர்த்தால் டீமின் ஆவரேஜ் .262. ஏழே புள்ளி.

ஏழு புள்ளி சில லீகுகளில் மூன்று நான்கு இடம் தூக்கிவிடும், அதைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் லீகிலேயே மிகச் சிறந்த ஆவரேஜ் சீசனின் பலன் இவ்வளவுதான் என்றால், .290 அடிப்பவருக்கும் .275 அடிப்பவருக்கும் நடுவே மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம். .230 அடிப்பவர்களை இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்து எடுக்காமல் இருந்தாலே போதும்.

பிட்சரை எந்த ரவுண்டில் எடுப்பது?

இதில்தான் சண்டையே. என் பதில்: முதல் ரவுண்டில் வேண்டாம், நான்காவது ரவுண்டு முடிவதற்குள் ஒருவர் கையில் இருக்க வேண்டும்.

முதலில் பயத்தின் பக்கம். 2024 டிராஃப்ட்களில் மேலே போன பிட்சர் ஸ்பென்சர் ஸ்ட்ரைடர். 2023-ல் 281 ஸ்ட்ரைக்-அவுட், 20 வெற்றி. 2024-ல் இரண்டே மேட்ச், அப்புறம் முழங்கை அறுவைச் சிகிச்சை. கெரிட் கோல் 2023-ல் சை யங் விருது (சிறந்த பிட்சருக்கானது) வாங்கினார். 2024 மார்ச்சில் முழங்கையில் வீக்கம், ஜூனில்தான் வந்தார். 2025 மார்ச்சில் அதே முழங்கைக்கு டாமி ஜான் அறுவைச் சிகிச்சை (கிழிந்த தசைநாரை மாற்றுவது), சீசனே போனது. இன்று எல்லோரும் 98, 100 மைல் வேகத்தில் எறிகிறார்கள், முழங்கைத் தசைநார் அதே பழைய தசைநார்தான்.

இப்போது ஆசையின் பக்கம். டாரிக் ஸ்கூபல் 2025-ல் 195 இன்னிங்ஸ் போட்டார், ஈஆர்ஏ 2.21, ஸ்ட்ரைக்-அவுட் 241. உங்கள் டீமில் மற்றவர்கள் சேர்ந்து 1,105 இன்னிங்ஸ், ஈஆர்ஏ 3.80 என்று வைத்தால், ஸ்கூபலைச் சேர்த்ததும் 3.56 ஆகிறது. ஒரே ஒரு ஆள் செய்கிற வேலை இது. ஒரு பேட்டரால் ஆவரேஜை இந்த அளவு அசைக்க முடியாது. விப், ஸ்ட்ரைக்-அவுட் எல்லாம் தனி. அதனால் இரண்டாம் ரவுண்டில் ஸ்கூபலோ பால் ஸ்கீன்ஸோ வந்து நின்றால் எடுப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெற்றியை எதிர்பார்த்து எடுக்காதீர்கள். ஸ்கீன்ஸ் 2025-ல் ஈஆர்ஏ 1.97 வைத்து சை யங் வாங்கினார், வெற்றி 10, தோல்வி 10. பிட்ஸ்பர்க் பேட்டர்கள் ரன் அடித்துக் கொடுத்தால்தானே?

நடைமுறையில் நான் செய்வது: முதல் இரண்டும் பேட்டர்கள், மூன்றிலோ நான்கிலோ ஓர் ஏஸ், ஆறாவதில் இன்னொருவர். ஒருவர் விழுந்தாலும் இன்னொருவர் இருப்பார்.

க்ளோசர்?

கடைசி இன்னிங்ஸில் வந்து சேவ் எடுக்கும் பிட்சர்தான் க்ளோசர். முதல் ஐந்து ரவுண்டில் வேண்டாம். சேவ் ஒரே ஒரு கணக்கு, க்ளோசரின் வேலை மேனேஜரின் மனநிலையைப் பொறுத்தது. ஒரு வருடம் நான் நான்காவது, ஐந்தாவது ரவுண்டுகளில் அடுத்தடுத்து இரண்டு க்ளோசர்களை எடுத்தேன். சேவில் முதலிடம், 12 பாயின்ட். மொத்தத்தில் பத்தாமிடம். அந்த வருட ஸ்கிரீன்ஷாட்டை இன்றும் யாராவது குரூப்பில் போடுகிறார்கள்.

15 டீம் லீகில் வேவரில் (யாரும் எடுக்காத ஆட்களின் பட்டியல்) க்ளோசரே மிஞ்சுவதில்லை, அங்கே இந்தப் பதில் பொருந்தாது.

கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) மாதிரி ஆள் கிடைக்காத பொசிஷனை முன்னாலேயே எடுத்துவிட வேண்டாமா?

கேல் ராலி 2025-ல் 60 ஹோம் ரன், 125 ஆர்பிஐ, போதாததற்கு 14 ஸ்டீல். கேட்சர் ஒருவர் அப்படி அடித்ததே கிடையாது. இரண்டு கேட்சர் வைக்க வேண்டிய லீகில் அவரை முன்னால் எடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஒரே கேட்சர் லீகில் பன்னிரண்டு டீமுக்குப் பன்னிரண்டு கேட்சர்தான் வேண்டும், நாட்டில் அவ்வளவு பேர் இருக்கிறார்கள். அதோடு .247 அடித்து வந்த 60 அது, திரும்ப 60 வரும் என்று விலை கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

மற்ற பொசிஷன்களுக்கு ஒரே வரி: இரண்டு பேர் சமமாகத் தெரிந்தால் மட்டும் பொசிஷனைப் பாருங்கள்.

ஏடிபி பட்டியலை எவ்வளவு நம்புவது?

சராசரியாக ஒருவர் எத்தனையாவது ஆளாகப் போகிறார் என்பதுதான் ஏடிபி. அது சந்தை விலை, தரம் இல்லை. உங்களுக்குப் பிடித்தவரின் ஏடிபி 40, உங்கள் பிக் 30, அடுத்தது 43 என்றால் 30-லேயே எடுத்துவிடுங்கள், பத்து இடம் கூடுதலாகக் கொடுத்ததை யாரும் ஜூலையில் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஏடிபி 70 என்றால் காத்திருங்கள்.

இன்னொன்று, ஒரே ஏடிபியைப் பிப்ரவரியிலும் மார்ச் கடைசியிலும் பார்க்காதீர்கள். ஜனவரி டிராஃப்ட்களும் கலந்த சராசரி, போன வாரம் விலாவைப் பிடித்துக்கொண்டு போனவரை இன்னும் இருபதாவது இடத்தில் காட்டிக்கொண்டிருக்கும்.

காயத்தோடு இருக்கும் பெரிய ஆள் சல்லிசாகக் கிடைக்கிறார். எடுக்கலாமா?

என்ன காயம் என்பதைப் பொறுத்தது. முறிந்த எலும்பு ஆறும், தேதி சொல்லலாம். பிட்சரின் முழங்கை, தோள், முன்கை இறுக்கம் என்று செய்தி வந்தால் எந்த விலையிலும் வேண்டாம். மார்ச்சில் 'சின்ன இறுக்கம்' என்று ஆரம்பித்துத்தான் மே மாதத்தில் அறுவைச் சிகிச்சைக்குப் போகிறார்கள். ஆனால் எலும்பிலும் ஏமாறலாம். 2022-ல் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியருக்கு மணிக்கட்டு முறிவு, பாதி சீசனுக்குள் வருவார் என்று இறங்கிய விலையில் எடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆகஸ்டில் வரப்போகிறார் என்ற நேரத்தில் ஊக்கமருந்துக்காக 80 மேட்ச் தடை. ஒரு மேட்ச்கூட ஆடவில்லை.

முடிந்தவரை டிராஃப்டை சீசன் ஆரம்பத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். எட்வின் டியாஸை 2023-ல் சீக்கிரம் டிராஃப்ட் வைத்தவர்கள் மேலே எடுத்திருந்தார்கள். மார்ச் 15, வேர்ல்டு பேஸ்பால் கிளாசிக்கில் போர்ட்டோ ரீகோ ஜெயித்தது, கடைசி அவுட்டை எடுத்தவர் அவர்தான். எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அந்தக் குதியில் முழங்கால் போய், 2023 முழுக்க அவர் ஆடவில்லை.

எங்களுடையது ரோட்டோ இல்லை, ஒவ்வொரு செயலுக்கும் நேரடியாகப் பாயின்ட் தரும் பாயின்ட்ஸ் லீக். இதெல்லாம் பொருந்துமா?

பாதி பொருந்தாது. ஸ்டீலின் மதிப்பு இறங்கும், வாக் (அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது) வாங்குபவர்களும் நிறைய இன்னிங்ஸ் போடும் பிட்சர்களும் ஏறுவார்கள். ஸ்ட்ரைக்-அவுட்டுக்குக் கழிக்கும் லீகில் எல்லி டி லா க்ரூஸ் மாதிரி ஆட்கள் கீழே போவார்கள். 2024-ல் அவர் 67 ஸ்டீல் எடுத்தார், 218 முறை ஸ்ட்ரைக்-அவுட் ஆனார். சோட்டோ நேரே மேலே. உங்கள் லீகின் பாயின்ட் அட்டவணையை எடுத்து, போன வருட முதல் ஐம்பது பேருக்குக் கூட்டிப் பார்த்துவிடுங்கள், ஒரு மாலை நேர வேலை.

என் முறை வரும்போது கை நடுங்குகிறது. ஒரு நிமிடத்தில் எப்படி முடிவெடுப்பது?

முறை வருவதற்கு ஐந்து ஆட்களுக்கு முன்னாலேயே முடிவெடுங்கள். கியூவில் எப்போதும் மூன்று பெயர் இருக்கட்டும், உங்கள் முறை வந்ததும் அதில் மீதி இருப்பவரை அழுத்தினால் போதும். நான் பக்கத்தில் ஒரு தாளில் ஹோம் ரன், ஸ்டீல் என்று இரண்டு கட்டம் போட்டு எடுக்க எடுக்கக் கூட்டிக்கொண்டே போவேன். ஐந்தாவது ரவுண்டில் ஸ்டீல் கட்டம் காலியாக இருந்தால், யார் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஓடாத பேட்டரை எடுக்க மாட்டேன்.

இன்டர்நெட் போகும் ஆபத்து இருந்தால் போனிலும் அதே டிராஃப்ட் அறையைத் திறந்து வையுங்கள். நேரம் முடிந்தால் ஆட்டோபிக் தன் பட்டியலில் மேலே இருப்பவரை எடுத்துவிடும். ஓட்டானியை வைத்திருக்கும் டீமுக்கு ஷ்வார்பரைக் கொடுப்பது பற்றி அதற்குக் கவலை கிடையாது.